சர்க்கரை நோய், இதயம், மெக்னீசியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகர் இருப்பவர்களுக்கு மெக்னீசியம் இதயத்தைக் காக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. உடம்பில் மெக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. இந்த இரண்டிலும் சந்தேகம் இல்லை. ஆனால் குறையே இல்லாத ஒருவர் மெக்னீசியம் மாத்திரை போட்டுக்கொண்டால் மாரடைப்பு தள்ளிப்போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. விளம்பரங்கள் முதல் பாதியைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை. குறை இருக்கிறதா, ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்வது என்ற வரிசையில் யோசித்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சர்க்கரை நோய்க்கும் மெக்னீசியம் குறைவதற்கும் என்ன தொடர்பு?

பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் இழப்பு. சிறுநீரகம் ஒரு நாளில் ஏறக்குறைய 2,400 மில்லிகிராம் மெக்னீசியத்தை வடிகட்டுகிறது. அதில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, 100 மில்லிகிராம் அளவுக்கு மட்டும் வெளியே விடுகிறது. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் குளுக்கோஸ் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். அது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரோடு மெக்னீசியமும் போய்விடும். சுகர் ஏறிய நாட்களில் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறோமே, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாது உப்பும் கழிவறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் மெக்னீசியத்தைத் திரும்ப உள்ளே இழுக்க டிஆர்பிஎம்6 என்ற புரதம் இருக்கிறது. அதை முடுக்கிவிடுவதில் இன்சுலினுக்குப் பங்கு உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இந்த மீட்பு வேலையும் மந்தமாகிறது.

விஷயம் இதோடு நிற்பதில்லை. செல்லின் மேல் இன்சுலின் வந்து ஒட்டியதும் உள்ளே தகவல் போக வேண்டும்; அந்தத் தகவலைக் கடத்தும் நொதிகள் வேலை செய்யவே மெக்னீசியம் தேவை. ஆக, சுகர் ஏறினால் மெக்னீசியம் குறைகிறது, மெக்னீசியம் குறைந்தால் இன்சுலின் இன்னும் மந்தமாகிறது. எது முதலில் என்று பல நேரம் பிரித்துச் சொல்லவே முடியாது.

இரண்டாம் வகை சர்க்கரை நோயுடன் வெளிநோயாளிகளாக வருபவர்களில் 13.5 சதவீதத்திலிருந்து 47.7 சதவீதம் வரை மெக்னீசியம் குறைவாக இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இடைவெளி பெரிதுதான். சர்க்கரைக் கட்டுப்பாடு, சிறுநீரகத்தின் நிலை, சாப்பிடும் மருந்துகள் எல்லாமே ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இப்படி.

இதயத்துக்குள் மெக்னீசியம் என்னதான் செய்கிறது?

செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி தனியாக வேலை செய்யாது. மெக்னீசியம் அதோடு ஒட்டிக்கொண்டால்தான் நொதிகள் அதை எடுத்துப் பயன்படுத்த முடியும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஏடிபியைச் செலவழிக்கிற இதயத் தசைக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

அடுத்து, சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப். இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்காக இருக்க இந்தப் பம்ப் ஓட வேண்டும். அது ஓட மெக்னீசியம் வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் செல்லுக்குள் பொட்டாசியம் குறையும், மின்சமநிலை தடுமாறும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது ஒரு துடிப்பில் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம், நீளும். அங்கிருந்துதான் ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் கிளம்புகின்றன.

மூன்றாவது வேலை கால்சியத்தைப் பற்றியது. கால்சியம் உள்ளே வந்தால் தசை சுருங்கும். மெக்னீசியம் ஒரு வாசல்காரரைப் போல அந்த நுழைவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதே கதைதான்: மெக்னீசியம் போதுமான அளவு இருந்தால் குழாய் தளர்வாக இருக்கும், குறைந்தால் இறுக்கம் கூடும்.

டோர்சேட் டி பாயின்ட் என்று ஒரு துடிப்புக் கோளாறு உண்டு. ஈசிஜியில் அலைகள் ஒரு கோட்டைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். அவசர சிகிச்சையில் அதற்கு ரத்தக்குழாய் வழியாக மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்பார்கள், ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்தாலும்கூட. இதய மருத்துவத்தில் மெக்னீசியத்துக்கு நிச்சயமான இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் மெக்னீசியம் எடுத்துக்கொண்டால் மாரடைப்பைத் தடுக்கலாம் அல்லவா?

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் நடுவயதுக்காரர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த அரிக் ஆய்வில், ரத்தத்தில் மெக்னீசியம் மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்குத் திடீர் இதய மரண ஆபத்து, மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேரைவிட ஏறக்குறைய 38 சதவீதம் குறைவாக இருந்தது. 2010-இல் வெளியான முடிவு இது. கேட்கவே உற்சாகமாக இருக்கும். ஆனால் இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு, மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல. மெக்னீசியம் நிறைய உள்ள உணவைச் சாப்பிடுபவர்கள் பொதுவாகவே காய், பயறு, முழுதானியம் அதிகம் சாப்பிடுபவர்கள். நோய் முற்றியவர்களுக்கு அந்த நோயும் அதற்கான மருந்துகளுமே மெக்னீசியத்தைக் குறைத்திருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

மாரடைப்பு வந்தவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக மெக்னீசியம் கொடுத்துப் பார்த்த வரலாறு இதைவிடப் பாடம் சொல்லும். 1992-இல் வெளியான லிமிட்-2 ஆய்வில் சுமார் 2,300 நோயாளிகள் இருந்தார்கள். மெக்னீசியம் பெற்றவர்களில் இறப்பு தெளிவாகக் குறைந்தது. மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றே ஆண்டுகளில், 58,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஐசிஸ்-4 ஆய்வு வந்தது. பலன் இல்லை. கொடுத்த நேரம் தாமதமோ என்ற வாதம் எழுந்ததும், சீக்கிரமே கொடுத்துப் பார்க்கும் மேஜிக் ஆய்வை 6,213 பேரிடம் நடத்தினார்கள். 2002-இல் வந்த அந்த முடிவும் அதேதான். அதனால் மாரடைப்பு வந்த எல்லோருக்கும் வழக்கமாக மெக்னீசியம் ஏற்றும் யோசனை கைவிடப்பட்டது.

ஒரு சத்து இதயத்துக்குத் தேவை என்பது வேறு, அதைக் கூடுதலாகக் கொடுத்தால் இதயம் காப்பாற்றப்படும் என்பது வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் மெக்னீசியம் மாத்திரை கொடுத்து மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய பெரிய ஆய்வு எதுவும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் கட்டுக்குள் வைப்பதும் புகைப்பதை விடுவதும் இதயத்தைக் காப்பது நிரூபணமான விஷயம். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மெக்னீசியம் டப்பாவை வைப்பவர்களும் இருக்கிறார்கள். இதைவிட மோசமான பண்டமாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

ஓரளவுக்கு. வளர்ந்தவர் உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்ற செல்களிலும். ரத்தத்தின் திரவப் பகுதியான சீரத்தில் ஓடுவது 1 சதவீதத்துக்கும் குறைவு. நாம் சோதித்துப் பார்ப்பதோ அந்த 1 சதவீதத்தைத்தான்.

பல ஆய்வகங்கள் ஒரு டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மில்லிகிராம் வரை என்று சாதாரண அளவை அச்சிடுகின்றன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். அளவு குறைவு என்று வந்தால் நம்பலாம், குறை இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் செல்களுக்குள் குறைந்திருந்தாலும் சீரத்தில் அளவு ஒழுங்காகத் தெரியலாம். அதிலும் அளவு கீழ் எல்லையை ஒட்டியிருந்து, நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால், மருத்துவர் அதைச் சாதாரணம் என்று விட்டுவிட மாட்டார்.

அப்புறம், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனால் முடிவு பொய்யாக உயர்ந்து காட்டும். சிவப்பணுவுக்குள் மெக்னீசியம் சீரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அறிக்கையில் 'ஹீமோலைஸ்டு' என்று குறிப்பு இருந்தால் மறுபடியும் எடுத்துப் பார்ப்பதே நல்லது.

எந்தெந்த மாத்திரைகள் மெக்னீசியத்தைக் குறைக்கும்?

வழக்கமான ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்வோம்: சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் கலந்த மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு காலையில் ஒரு ஒமெப்ரசோல் அல்லது பான்டொப்ரசோல். சாதாரணச் சீட்டுதான். இதில் தயசைட் வகை நீர் மாத்திரை சிறுநீர் வழியாக மெக்னீசியத்தை இழக்கச் செய்யும். ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரையும் அப்படியே. பான்டொப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் குடலில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதைக் கெடுக்கும். மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு நீடிப்பவர்களுக்கு அந்த வழியிலும் இழப்பு. சேதாரம் மூன்று பக்கமும்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது அமிலக் குறைப்பு மாத்திரையைத்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-இல் இதைப் பற்றி எச்சரித்தது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கே பிரச்சினை. எஃப்டிஏ பார்த்த நோயாளிகளில் சுமார் கால் பங்கு பேருக்கு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தும் அளவு ஏறவில்லை. அமில மாத்திரையை நிறுத்திய பிறகுதான் சரியானது. ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் நிறையாதுதான்.

அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு அதே அமில மாத்திரைதான் வயிற்றில் ரத்தக்கசிவைத் தடுத்துக்கொண்டிருக்கும். 'இது எனக்கு இன்னும் தேவையா?' என்று மருத்துவரைக் கேளுங்கள், அது போதும்.

எதிர்த்திசையில் ஒரு தகவல்: எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் போன்ற எஸ்ஜிஎல்டி2 வகை சுகர் மாத்திரைகள் ரத்த மெக்னீசியத்தைச் சற்று உயர்த்துகின்றன.

பொட்டாசியம் கொடுத்தும் ஏறவில்லை என்கிறார்கள். அதற்கும் மெக்னீசியத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்க முடியாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. மெக்னீசியத்தைச் சரிசெய்த பிறகே அது ஏறும். நீர் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிக்குப் பொட்டாசியம் தொடர்ந்து குறைவாகவே வந்தால், மெக்னீசியம் பார்த்தாகிவிட்டதா என்று கேட்கலாம். டிகாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்த இரண்டு தாதுக்களும் குறைந்தால் அந்த மருந்தே துடிப்பைக் குலைக்கும்.

குறைந்தால் உடம்பு காட்டிக்கொடுக்குமா?

லேசான குறையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கூடினால் சோர்வு, பசியின்மை, குமட்டல், தசை துடித்தல், மரத்துப்போதல், நெஞ்சுப் படபடப்பு. இதில் சிக்கல் என்னவென்றால், மரத்துப்போவதும் சோர்வும் சர்க்கரை நோயிலேயே வரும். அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மெக்னீசியம் போடலாமா?

போடுபவர்கள் ஏராளம். ஆனால் வயதானவர்களுக்கு வரும் தசைப்பிடிப்பை மெக்னீசியம் மாத்திரை குறிப்பிடும்படி தடுப்பதாக ஆய்வுத் தொகுப்புகளில் தெரியவில்லை. நடக்கும்போது கால் வலித்து, நின்றால் வலி போகிறது என்றால் அது வேறு விஷயம்: காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். சுகர் உள்ளவர்கள் அதை உடனே காட்ட வேண்டும்.

மெக்னீசியம் சாப்பிட்டால் சுகர் இறங்குமா? பிரஷர்?

சுகரைப் பொறுத்தவரை, குறை இருப்பவர்களுக்கு உதவியிருக்கிறது. மெக்சிகோவில் 63 பேரிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2003-இல் வெளியானது. எல்லோருக்கும் ரத்த மெக்னீசியம் குறைவு, எல்லோரும் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டவர்கள். 16 வாரம் மெக்னீசியம் குளோரைடு கரைசல் குடித்தவர்களின் ஹெச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையைக் காட்டும் அளவு) சராசரி 8.0 ஆனது, வெறும் கரைசல் குடித்தவர்களுக்கு 10.1. பெரிய வித்தியாசம்தான், ஆனால் குறை உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது. குறை இல்லாதவர்கள் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. குறைபாடு இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்குச் சத்து மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க அமெரிக்க நீரிழிவு சங்கமும் பரிந்துரைப்பதில்லை.

பிரஷரில் சிறிய பலன். 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில், தினம் நடுத்தரமாக 368 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு மேல் அழுத்தம் 2 புள்ளி, கீழ் அழுத்தம் 1.8 புள்ளி அளவுக்குக் குறைந்தது. பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக வைக்கும் அளவுக்கு இது இல்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? உணவிலேயே கிடைத்துவிடுமா?

அமெரிக்கப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆண்களுக்கு 400 முதல் 420 மில்லிகிராம், பெண்களுக்கு 310 முதல் 320. நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். சாப்பிடுவதில் 30 முதல் 40 சதவீதம்தான் உடம்பில் சேரும். இந்தப் பரிந்துரைகள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டவை.

உணவில் கிடைக்கும், தீட்டிய தானியத்தையே நம்பியிருக்காவிட்டால். 28 கிராம் பூசணி விதையில் சுமார் 156 மில்லிகிராம் இருக்கிறது. அதே எடை பாதாமில் 80. வேகவைத்த பசலைக்கீரை அரைக் கோப்பையில் 78. பயறு வகைகள், வேர்க்கடலை, முந்திரி, முழுதானியம் எல்லாவற்றிலும் உண்டு. கோதுமையின் தவிடும் முளையும் போய் வெள்ளை மாவாகும்போது மெக்னீசியத்தில் பெரும்பகுதி அவற்றோடு போய்விடுகிறது. சுகருக்காகச் சொல்லப்படும் உணவுமுறையும் ஏறக்குறைய இதுதான் என்பதால் தனியாக ஒரு 'மெக்னீசியம் டயட்' தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதுபட்டு பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கீரை, கொட்டை, பயறு மூன்றையும் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது.

கடையில் பல பெயர்களில் இருக்கிறதே. எதை வாங்குவது?

முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'மெக்னீசியம் ஆக்ஸைடு 400 மில்லிகிராம்' என்று இருந்தால் அது அந்தச் சேர்மத்தின் எடை. அதில் மெக்னீசியம் என்ற தாது சுமார் 240 மில்லிகிராம். சிட்ரேட்டில் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம், கிளைசினேட்டில் 14 சதவீதம். 'எலிமெண்டல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆக்ஸைடில் தாது அதிகம், உறிஞ்சப்படுவது குறைவு. சிட்ரேட், குளோரைடு நன்றாகக் கரைந்து சேரும். எதுவானாலும் அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும். ஏற்கெனவே மெட்ஃபார்மினால் வயிறு இளகியிருப்பவர்களுக்கு இது தொல்லை. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையாக எடுப்பதற்கு உச்ச வரம்பு அமெரிக்காவில் 350 மில்லிகிராம், ஐரோப்பாவில் 250. உணவில் வருவதற்கு இந்த வரம்பு பொருந்தாது. தோலில் தெளிக்கும் ஸ்ப்ரேக்களுக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அதிகம். மெக்னீசியம் எடுத்துக்கொள்ளலாமா?

மருத்துவரைக் கேட்காமல் கூடாது. உபரி மெக்னீசியம் வெளியே போக ஒரே பெரிய வழி சிறுநீரகம். சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனவர்களுக்கு அது உடம்பில் தேங்கும். அளவு மிக உயர்ந்தால் ரத்த அழுத்தம் விழும், துடிப்பு மெதுவாகும், மூச்சுத் தசைகள் தளரும், கடைசியில் இதயமே நின்றுபோகலாம். இதயத்தைக் காக்க என்று எடுத்தது அதற்கே வினையாகும். மலச்சிக்கலுக்கான மருந்துகளிலும் வயிற்று எரிச்சலுக்கான திரவ மருந்துகளிலும் மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு இருக்கும். 'நான் மெக்னீசியமே சாப்பிடுவதில்லை' என்று சொல்பவர் வீட்டில் அந்தப் பாட்டில் இருப்பது சகஜம்.

மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடலாமா?

சிலவற்றோடு இடைவெளி வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்ஸினுக்கும் மெக்னீசியத்துக்கும் நான்கு மணி நேரம் விடுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கை மெக்னீசியத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ சாப்பிடலாம். கால் எரிச்சலுக்குக் கபாபென்டின் சாப்பிடுபவர்கள், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் குடித்தால் இரண்டு மணி நேரம் கழித்துக் கபாபென்டினைப் போடுவது நல்லது. இல்லாவிட்டால் அது சரியாகச் சேராது.

நெஞ்சு படபடக்கிறது. ஒரு மெக்னீசியம் மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் சுகரைப் பாருங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும்; அதற்குத் தேவை குளுக்கோஸ். சுகர் சரியாக இருந்தும் படபடப்பு நிற்கவில்லை, அல்லது மயக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை சேர்ந்து வருகிறது என்றால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம், வெறும் மூச்சிரைப்பாகவோ காரணம் தெரியாத சோர்வாகவோ. அங்கே சோடியம், பொட்டாசியத்தோடு மெக்னீசியத்தையும் சோதிக்கச் சொல்லி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். சீட்டில் எழுதாமல் நீங்களாக வாங்கிச் சாப்பிடுபவையும் அதில் இருக்கட்டும்.